ஐமடல் அழற்சி

சீமாட்டி நொண்ட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. பகல் பன்னிரண்டு மணிக்குள் அது ஒரு கோப்பாகிவிட்டது.

சீமாட்டி என்பது குதிரை. சாம்பல் நிறம், பதினோரு வயது. சேற்றில் கால் வைக்காது. அடுத்த குதிரை வாய் வைத்த வாளியில் தண்ணீர் குடிக்காது. அதனால் அந்தப் பெயர். தொட்டிச் செடிகளும் மண்மூட்டைகளும் ஏற்றிய வண்டியை அது தெருத்தெருவாக இழுத்துப் போகும். செடிக்காரி பக்கத்தில் நடந்து போவாள். அவளுக்கும் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஆனால் "செடிக்காரம்மா, ரோஜா இருக்கா?" என்று கேட்கிற தெருக்களில் அந்தப் பெயருக்கு வேலையில்லை. புருஷனுக்கு முதுகு சரியில்லை. வீட்டோடு பதியன் போட்டுக்கொண்டிருப்பார். குடும்பத்தில் யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் யோசிக்காமல் குதிரையைக் காட்டுவார்கள்.

அந்தக் குதிரை இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றதும் அவள் வண்டியை அங்கேயே அவிழ்த்துவிட்டாள். தெருமுனை மிருக டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போனாள். அவர் குனிந்து காலைத் தூக்கப் போனார். போனவர், சுட்டுக்கொண்டது போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"மறந்தே போய்ட்டேன்மா. நாங்க இப்பல்லாம் தொடக்கூடாது."

"தொடாம எப்படி டாக்டர் பாப்பீங்க?"

"பாக்கவும் கூடாது. சுற்றறிக்கை வந்திருக்கு. நொண்டுற குதிரையைக் கண்ணால பாத்து முடிவு பண்றது காட்டுமிராண்டித்தனமாம். மையத்துக்கு அனுப்பணும். அவங்க படம் எடுப்பாங்க. அந்தப் படத்தை வேணா நான் பாக்கலாம்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கல்லு கில்லு மாட்டியிருக்கும்னு தோணுது. ஆனா நான் சொன்னதா எங்கேயும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மையம் ஊருக்கு வெளியே கண்ணாடியும் இரும்புமாக நின்றது. முழுப் பெயர், குதிரைப் படிம நோயறி உயர்நிலை மையம். வாசலுக்கு மேலே ஆளுயர எழுத்துகளில் 'படம் பொய் சொல்லாது' என்று எழுதியிருந்தார்கள். வரவேற்பறைச் சுவரில் ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. அது குதிரையின் படம் அல்ல. மையத்தின் பெரிய ஸ்கேன் இயந்திரத்தைத் திறந்துவைக்க வந்த பிரமுகர் அதற்குள் தலையை விட்டு எடுத்துக்கொண்ட படம். உள்ளே குறிப்பிடத்தக்க எதுவும் தென்படவில்லை என்று அதன் கீழே கையொப்பத்துடன் சான்றளித்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த இயந்திரத்துக்குள் யாரும் போகவில்லை. அதன் துளைக்குள் குதிரை நுழையாது என்பது அது வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. குதிரைகளைச் சற்றுச் சிறியதாக வளர்க்கும்படி உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள்.

எழுத்தர் பதினெட்டுப் பக்கப் படிவம் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"வலியைக் குதிரை எந்தச் சொற்களால விவரிக்குது?"

"அது பேசாதுங்க."

"பதிலளிக்க மறுக்கிறது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் எழுத்தர்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் அவ்வழியே வந்தார். இயந்திரங்கள் சூடாகிவிடக் கூடாது என்று மையம் முழுவதையும் நடுநடுங்கும் குளிரில் வைத்திருந்தார்கள். அதனால் அவர் எப்போதும் கனமான கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டிருப்பார். பொதுமக்களுக்கு விளக்குவதில் அவருக்கு மிகுந்த பிரியம் உண்டு.

"அம்மா, ஒரு காலத்துல டாக்டர்னா குதிரைகிட்டயே போவாங்க. காலைத் தூக்குவாங்க, அமுக்குவாங்க, மோந்துகூடப் பாப்பாங்க. நினைச்சாலே கூசுது. நான் இந்தப் பொறுப்புக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு குதிரையைத் தொட்டதில்ல. முதல் மூணு வருஷம் பாத்ததுகூட இல்ல. முன்னேற்றம்னா இதுதான்."

"ரொம்ப சந்தோஷங்க. கால் எப்ப சரியாகும்?"

"கால் சரியாகறது வேற துறைம்மா" என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு. "நாங்க படம்."

சீமாட்டியை லாயக்காரரிடம் ஒப்படைத்தார்கள். அறுபதை நெருங்கும் மனிதர். அவருடைய பதவியின் பெயர் 'விலங்கு நிலைநிறுத்துநர், இரண்டாம் நிலை'. முப்பத்தைந்து வருஷமாகக் குதிரைகளோடு இருப்பவர் என்பதால் அவர் கருத்துச் சொல்லக் கூடாது என்று தனியாக ஓர் ஆணையே இருந்தது. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கெல்லாம் நிழலாக விழுந்து படம் கெட்டுப்போகும். அதுவும் விதிதான். லாயக்காரர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொக்கியால் குளம்பின் பள்ளத்தைச் சுரண்டினார். பட்டாணி அளவில் ஒரு கூரான கல் தெறித்து விழுந்தது.

சீமாட்டி காலைத் தரையில் வைத்தது. அழுத்திப் பார்த்தது. இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்காவது வேலை தெரிகிறதே என்பது போல் லாயக்காரரைப் பார்த்தது.

"அவ்வளவுதாம்மா. வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க" என்றார் லாயக்காரர். சொன்ன கையோடு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் துணை இயக்குநர் கதவில் நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் நாற்காலி எப்போது காலியாகும் என்று பதினோரு வருஷமாகக் காத்திருப்பவர். காத்திருந்து காத்திருந்தே மெலிந்துபோனவர்.

"யாரைக் கேட்டு நொண்டல் நின்னுச்சு?"

"கல்லுங்க. இதோ பாருங்க" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள் செடிக்காரி.

"கல்லுன்னு நீங்க சொல்றீங்க. படம் சொல்லலையே. படம் எடுக்கறதுக்கு முன்னாடியே குணமாயிட்டா, எதுலேர்ந்து குணமாச்சுன்னு நாங்க கோப்புல என்ன எழுதறது?" அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கல்லைத் திருப்பி அதே இடத்துல, அதே கோணத்துல வையுங்க. ஒரே ஒரு படம். அப்புறம் எடுத்துக்கலாம்."

"முதல்ல அதை உங்க செருப்புக்குள்ள போட்டுக்கிட்டு நாலடி நடந்து காட்டுங்க சார். அப்புறமா வெக்கிறேன்."

துணை இயக்குநர் 'உரிமையாளர் ஒத்துழைக்கவில்லை' என்று குறித்துக்கொண்டார். கல்லைப் பறிமுதல் செய்து, ஆறு கோணங்களில் தனியாக எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் அறிக்கை வந்தது. எலும்பு முறிவு ஏதும் இல்லை. வயதுக்கேற்ற தேய்மானம் மட்டும் தெரிகிறது.

கல் தப்பித்துவிட்டது. குதிரை தப்பிக்கவில்லை. திறந்த கோப்பை மூடாமல் குதிரையை விடமாட்டார்கள். மூட வேண்டுமென்றால் படத்தில் ஏதாவது தெரிய வேண்டும். நான்கு காலையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை. ஒலி அலை ஸ்கேனுக்கு ரோமம் இடைஞ்சல் என்று உடம்பில் அங்கங்கே சதுரம் சதுரமாகச் சிரைத்தார்கள். அங்கும் ஒன்றுமில்லை. கட்டம் போட்ட துணி போர்த்திய மாதிரி நின்ற சீமாட்டியைப் பார்க்கச் செடிக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவளும் வீட்டுக்குப் போகவில்லை. லாயத்துப் பக்கத்திலிருந்த வைக்கோல் அறையில் படுத்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லா இருக்குன்னா விட்டுடலாமே சார்?" என்று இயக்குநரிடம் கேட்டாள்.

"எதுவுமே தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்? ஏதோ பெருசா ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். சின்ன நோய்க்கு ஒளியத் தெரியாது."

ஒளிந்திருந்ததைப் பிடிக்க வெள்ளிக்கிழமை வெப்பப்பட அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கேமரா இருந்தது. உடம்பில் எங்கே சூடு அதிகமோ அந்த இடத்தைத் திரையில் சிவப்பாகவும், குளிர்ந்த இடத்தை நீலமாகவும் காட்டும். குதிரை அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகவே விதி பதினான்கு: 'படம் எடுக்கும் முன், நோயாளியை அதன் பராமரிப்பாளர் இரண்டு நிமிடம் அன்புடன் கைவைத்து அமைதிப்படுத்த வேண்டும்.' எழுத்தர் கடிகாரத்தோடு நின்றார். செடிக்காரி சீமாட்டியின் கழுத்தில் உள்ளங்கையைப் பதித்து, "ஒண்ணுமில்லடி கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். இரண்டு நிமிடம் ஆனதும் அவளை விலகச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார்கள்.

திரையில் நீலக் கழுத்தின் நடுவே சிவப்பாக ஒன்று தெரிந்தது. கீழே அகலமான ஒரு பட்டை. அதிலிருந்து மேலே ஐந்து கிளைகள்.

எழுத்தரின் கையிலிருந்து கடிகாரம் நழுவியது. துணை இயக்குநர் ஓடிப்போய் இயக்குநரை அழைத்துவந்தார். இயக்குநர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக அவர் குரல் தழுதழுத்தது.

"ஐந்து மடல்!"

அன்று மாலைக்குள் நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஐமடல் அழற்சி. சனிக்கிழமை எடுத்த படத்தில் அது கழுத்திலிருந்து தோளுக்கு வந்திருந்தது. அன்றைக்குச் செடிக்காரி தோளில் கை வைத்திருந்தாள். நோய்க்கு இடம்பெயரும் தன்மை உண்டு என்று எழுதினார்கள். திங்கட்கிழமை அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் லாயக்காரர் விதி பதினான்கை நிறைவேற்றினார். மடல்கள் தடித்துப் பெரிதாக வந்தன. ஆண் வகை, பெண் வகை என்று நோய் இரண்டாகப் பிரிந்தது. வேறு இரண்டு குதிரைகளுக்கும் விதிப்படி அமைதிப்படுத்திப் படம் எடுத்தார்கள். அவற்றுக்கும் நோய் இருந்தது. தொற்று! இரண்டு வருஷமாகப் பதில் வராத மேலிடத்திலிருந்து அன்றே தொலைபேசி வந்தது. வரும் சனிக்கிழமை கருத்தரங்கு என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை, பெரிதாக அச்சிட்டுத் தாழ்வாரத்தில் மாட்டிய அந்த முதல் படத்தை அவள் கிட்டப் போய் நின்று பார்த்தாள். அதுவரை யாரும் அவளை அதன் அருகில் விடவில்லை. ஐந்து மடல்களில் நான்காவது மட்டும் பாதியில் நின்றிருந்தது. அதன் அருகே அம்புக்குறி போட்டு 'நான்காம் மடல் குறைவளர்ச்சி, காரணம் ஆய்வில்' என்று எழுதியிருந்தார்கள்.

செடிக்காரி தன் வலது கையைப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன் கிளை வெட்டும் கத்தரி அவளுடைய மோதிர விரலில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. கையைத் தூக்கிப் படத்தின் மேல் வைத்தாள். உறை போட்டது போலப் பொருந்தியது.

"அடப்பாவிகளா" என்றாள் வாய்விட்டு.

நோயைத் தீர்மானிக்கும் அதிகாரம் தலைமைப் படவாசகருக்குத்தான் என்று சொன்னார்கள். தாழ்வாரத்தின் கடைசியில் ஜன்னல் இல்லாத ஓர் இருட்டறையில் அவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் படங்கள் மட்டுமே போகும். எந்த ஊர், எந்தக் குதிரை, எதற்காக என்று எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் தீர்ப்பு சாய்ந்துவிடுமாம். வெளிச்சம் பட்டுப் பல வருஷமான அந்த முகம் திரை வெளிச்சத்தில் முளைகட்டிய கிழங்கு போல இருந்தது.

"சார், அது நோய் இல்ல. என் கை. தடவிக்குடுன்னு நீங்கதான் சொன்னீங்க. கைச்சூடு ஒட்டிக்கிட்டு நிக்குது. இதோ பாருங்க, பாதி விரல்."

படவாசகர் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கையைக் காட்டாதீங்கம்மா! கீழ போடுங்க. நான் உண்மையான பொருட்களைப் பாக்கறதில்ல."

"ஒரு தடவை பாருங்க சார். ஒரு உசுரு சம்பந்தப்பட்டது."

"பாத்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா துல்லியம் போயிடும். உங்க கையை வெப்பப்படம் எடுத்து, முறைப்படி அனுப்புங்க. அதுலயும் இதே வடிவம் இருந்தா, உங்களுக்கும் அதே நோய்னு எழுதித் தர்றேன். இதுக்கு மேல நான் நியாயமா நடந்துக்க முடியாது."

அவள் இயக்குநரிடம் போனாள். அவர் கருத்தரங்குக்கான உரையைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். உங்க கைன்னா உங்களுக்கு என்ன பெருமை? நோய்னா நம்ம எல்லாருக்கும் பெருமை. சனிக்கிழமை எவ்வளவு பேர் வர்றாங்க தெரியுமா? கருத்தரங்கு முடிஞ்சதும் குதிரையைத் திறந்து பாக்கப் போறோம்."

"திறந்துன்னா?"

"வெளியில அஞ்சு மடல் இருக்கு. உள்ளயும் இருக்கான்னு தெரிய வேண்டாமா? வலிக்காம ஒரு ஊசி. அப்புறம் அதுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணாடிப் பெட்டியில வெச்சு, உரிமையாளர்னு உங்க பேரையும் போடுவோம்." அவர் உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

செடிக்காரி வெளியே வந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கொன்னுடுவாங்க போலிருக்கு."

"நொண்டினதுக்கா?"

"நொண்டல் அன்னிக்கே போச்சு. நான் தடவிக்குடுத்ததுக்கு."

"நான் வரட்டுமா?" என்றார் அவர். "முதுகு கிடக்கட்டும்."

"வேணாம். உங்க முதுகையும் படம் எடுத்துடுவானுங்க. நானே பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்ள அவளிடம் வழி ஒன்றும் இல்லை. அப்படிச் சொன்னால்தான் அவர் தூங்குவார் என்று சொன்னாள். பிறகு லாயத்துக்குப் போய்ச் சீமாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். குதிரை அசையாமல் நின்றது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் கெஞ்சாத ஆள் இல்லை. ரகசியமாக ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் லாயத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவள் தடவிக்கொடுக்க மறுத்துவிட்டாள். அன்றைய படத்தில் நோய் இல்லை. படத்தின் தரம் குறைவு என்று அதை நிராகரித்து, லாயக்காரரை அழைத்து விதிப்படி அமைதிப்படுத்தச் சொல்லி வேறு படம் எடுத்தார்கள்.

"நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும்மா" என்றார் லாயக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "ஓய்வு பெற இன்னும் நாலு மாசம் இருக்கு. பயந்துட்டேன்."

"விடுங்கண்ணே. நீங்க இல்லைன்னா எழுத்தரைத் தடவச் சொல்லுவானுங்க."

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு பக்கம் ஆளுயரத் திரை, எதிரே முக்காலியில் வெப்பக் கேமரா. நடுவில் சீமாட்டி. அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு செடிக்காரி. பராமரிப்பாளர் மேடையில் இருந்தாக வேண்டும் என்பது விதி. குதிரைக்கு முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பளிக் கோட்டில் இயக்குநர். இருட்டறையிலிருந்த படவாசகரின் குரல் மட்டும் ஒலிபெருக்கி வழியாக வருவதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"பெரியோர்களே" என்று தொடங்கினார் இயக்குநர். "இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து நாம் ஒரு குதிரையைக்கூடக் குணப்படுத்தியதில்லை. இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். குணமடைந்த குதிரையால் அறிவியலுக்கு என்ன பயன்? அது வீட்டுக்குப் போய்விடுகிறது! நோயுள்ள குதிரைதான் நம்மோடு தங்குகிறது. அத்தகைய நோய் ஒன்று வரவேண்டும் என்று நாம் எத்தனை ஆண்டுகள் ஏங்கியிருப்போம்..."

எழுத்தர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். விதி பதினான்கு. இரண்டு நிமிடம்.

செடிக்காரி வலது கையைத் தூக்கினாள். வழக்கம்போல் குதிரையின் பக்கம் கொண்டுபோனாள். கை பாதி வழியில் நின்றது. அவளுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், குளிரில் விறைத்த அந்த அகலமான கம்பளி முதுகு இருந்தது. அரங்கத்தில் எல்லார் கண்ணும், பழைய கழுத்துப் படத்தைப் பெரிதாகக் காட்டிய திரைமேல். எழுத்தர் கண் கடிகாரத்தின்மேல். அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு மிக மெதுவாக, அன்புடன், இயக்குநரின் முதுகில் உள்ளங்கையைப் பதித்தாள்.

கனத்த கோட்டு, அவருக்குத் தெரியவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார். எதிர்காலம் என்றார், உலகம் நம்மை உற்றுப் பார்க்கிறது என்றார். ஓரமாக நின்ற லாயக்காரர் ஒருவர்தான் அதைப் பார்த்தார். பார்த்தவர் உடனே கூரையில் எத்தனை விளக்குகள் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். இரண்டு நிமிடத்துக்குச் சொன்ன பேச்சு நான்கு நிமிடம் நீண்டது.

"இதோ பாருங்கள்!" என்று இயக்குநர் இரண்டு கைகளையும் விரித்துத் திரையை நோக்கித் திரும்பினார். செடிக்காரி கையை எடுத்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். கேமரா கண் திறந்தது.

திரையில் குதிரை நீலமாக இருந்தது. சுத்தமான, தெளிவான நீலம். அதற்கு முன்னால் நின்ற மனித முதுகின் நடுவே ஐந்து மடல்கள் தகதகவென்று சிவந்திருந்தன. நான்காவது பாதி.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஐமடல் அழற்சி, பெண் வகை, உறுதி" என்றது படவாசகரின் குரல், எப்போதும் போல நிதானமாக. "இதுவரை பார்த்ததிலேயே மிகத் தீவிரம். நோயாளி பின்னங்கால்களில் மட்டும் நிற்கிறது. முன்னங்கால்கள் இரண்டும் வலியால் காற்றில் நீட்டியிருக்கின்றன. பிடரி மயிர் முற்றிலும் உதிர்ந்துவிட்டது. வாலும் விழுந்துவிட்டது. இது இனி வண்டி இழுக்காது."

"யோவ், அது நான்யா!" என்று கத்தினார் இயக்குநர்.

"நோயாளியைப் பேச விடாதீங்க. எனக்குத் தீர்ப்பு சாயும்."

"அது குதிரை இல்ல! நான்! இயக்குநர்!"

"வடிவத்தைப் பத்திக் கருத்துச் சொல்றது என் வேலை இல்ல" என்றது குரல். "உடனே தனிமைப்படுத்தவும். திறந்து பார்க்கப் பரிந்துரைக்கிறேன்."

இயக்குநர் அரங்கத்தைப் பார்த்தார். படம் தப்பு என்று அவர் சொன்னால் போதும். எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். வாயைத் திறந்தார். முன்வரிசையில் மேலிடத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய மடியில், நோயை ஆராயப் புதிய கட்டடம் கட்டும் ஆணை இருந்தது. இயக்குநர் வாயை மூடிக்கொண்டார்.

துணை இயக்குநர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தபோது அவர் கண்கள் ஈரமாக இருந்தன. "நம் இயக்குநர் எப்போதும் சொல்வார், படம் பொய் சொல்லாது என்று. இன்று அதற்குத் தன் உடலையே தந்திருக்கிறார். நோய் மனிதருக்குப் பரவிவிட்டது! இது நம் மையத்துக்குக் கிடைத்த மாபெரும் உயர்வு!" கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. திறந்து பார்ப்பது பற்றி உரிய நேரத்தில் முடிவெடுக்கப்படும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இயக்குநரை நான்காம் எண் லாயத்துக்கு மரியாதையோடு அழைத்துப்போனார்கள். புது வைக்கோல் போட்டிருந்தார்கள். நோய் நீங்கிவிட்டதா என்று தினமும் காலையில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. படம் எடுக்கும் முன் லாயக்காரர் உள்ளே போய் அவர் முதுகில் கை வைத்து நின்றார்.

"கையை எடுய்யா!"

"விதிங்க ஐயா" என்றார் லாயக்காரர் அன்புடன். "ரெண்டு நிமிஷந்தான்."

சீமாட்டியை என்ன செய்வது என்று செடிக்காரி கேட்டபோது, புதிய பொறுப்பிலிருந்த துணை இயக்குநருக்கு அவள் யாரென்றே முதலில் நினைவு வரவில்லை. "ஓ, அந்தக் குதிரையா? நாலு காலு கேஸ் இப்போ யாருக்கும்மா வேணும்? ஓட்டிட்டுப் போங்க" என்று சொல்லி, விடுவிப்பு ஆணையில் இயக்குநர் என்று முதன்முறையாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செடிக்காரி ஆணையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து வாசலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். வெளிவாசலில் தடுப்புக் கட்டை மறித்து நின்றது. காவலர் ஒரு நீளமான பதிவேட்டைப் பிரித்தார்.

"பதினோரு நாள் முன்னாடி உள்ள வந்திருக்கீங்க. 'நொண்டுவது ஒன்று, நொண்டாதது ஒன்று.' நொண்டுறது எங்கம்மா?"

"இதுதாங்க. குணமாயிடுச்சு."

காவலர் சீமாட்டியின் நான்கு காலையும் பார்த்தார். பதிவேட்டில் பக்கம் பக்கமாகத் திருப்பினார். முகத்தில் மெய்யான வருத்தம் தெரிந்தது.

"இங்க வந்து குணமாகித் திரும்பிப் போறதுக்குன்னு கட்டமே இல்லம்மா. இதுவரைக்கும் தேவைப்படல. வந்த மாதிரியே போனாத்தான் நான் விட முடியும். உள்ள போய் ஒரு விளக்கம் எழுதி வாங்கிட்டு வந்துடுங்களேன்."

உள்ளே போவதா! செடிக்காரி பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"நொண்டுவது ஒன்றுன்னுதானே எழுதியிருக்கு. குதிரைன்னு எங்க எழுதியிருக்கு?"

காவலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எங்கும் எழுதியிருக்கவில்லை.

செடிக்காரி இடது காலை இழுத்துப் போட்டு, இடுப்பில் கை வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நான்கடி நடந்து காட்டினாள்.

"நொண்டுவது ஒன்று" என்று காவலர் நிம்மதியோடு குறியிட்டார். "நொண்டாதது ஒன்று. சரியா இருக்கு, போங்க."

தடுப்புக் கட்டை உயர்ந்தது. அவள் நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள்; பக்கத்தில் சீமாட்டி நிமிர்ந்து நடந்தது. இருபதடி போயிருப்பார்கள். காவலர் நல்ல மனிதர். அந்தக் காலைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். "கால் ரொம்ப மோசமா இருக்கே. வந்ததுதான் வந்தீங்க, உள்ள போய் ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போயிடுங்களேன்!"

நொண்டிக்கொண்டே அவ்வளவு வேகமாக ஓடிய மனுஷியை அந்தச் சாலை அதற்கு முன் கண்டதில்லை. குதிரையே மூச்சு வாங்கித்தான் அவளைப் பிடித்தது.